இருளுக்கு வேகம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அறிவியல் பேசுகிறேன். காந்தம், மழை, இதயம் என்று எதில் தொடங்கினாலும் இந்தக் கேள்வி எப்படியாவது வந்துவிடும். முதலில் கேட்டது தொடக்கநிலை 4 படிக்கிற ஒரு சிறுமி: "ஒளிக்கு வேகம் இருக்குன்னா இருட்டுக்கும் இருக்கணும்ல மாமா?" அப்புறம் அவளுடைய அண்ணன் கேட்டான், பெற்றோர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு தாத்தா என்னை நிறுத்திக் கேட்டார். எல்லோருக்கும் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். இருளுக்கு வேகம் உண்டா, இல்லையா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. "விளக்கு அணைந்துவிட்டது" என்ற சேதி நம்மிடம் வந்து சேரும் வேகம் ஒன்று. அது ஒளியின் வேகமேதான்: நொடிக்கு 299,792 கிலோமீட்டர். நிழலின் விளிம்பு ஒரு சுவரிலோ தரையிலோ ஊர்ந்து போகும் வேகம் இன்னொன்று. அதற்குக் கட்டுப்பாடே கிடையாது. ஆமை மாதிரியும் நகரும், ஒளியை மிஞ்சியும் ஓடும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வீட்டில் இதைப் பற்றிப் பேசினால் முடிவே வருவதில்லை.

விளக்கை அணைத்தால் இருட்டு எங்கிருந்து வருகிறது?

எங்கிருந்தும் வருவதில்லை. ரப்பர் குழாயைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கும்போது யாரோ பைப்பை மூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கிளம்பிவிட்ட தண்ணீர் காற்றில் போய்க்கொண்டுதான் இருக்கும். கடைசித் துளி செடியில் விழுந்த பிறகுதான் செடிக்குத் தண்ணீர் நிற்கும். அந்தக் கடைசித் துளி என்ன வேகத்தில் போனதோ, அதே வேகத்தில்தான் "தண்ணீர் இல்லை" என்பதும் செடியை எட்டியது. ஒளியும் அப்படித்தான். கடைசி ஒளித்துகளுக்குப் பின்னால் வேறு ஒன்றும் வரவில்லை, அந்த ஒன்றுமில்லாததை நாம் இருட்டு என்கிறோம்.

3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவருக்கு அந்தக் கடைசித் துகள் போய்ச் சேர, ஒரு நொடியை 100 மில்லியன் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரம் ஆகும். பிறகு அது சுவர், கூரை, அலமாரி என்று பட்டுப் பட்டுத் தெறித்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்து, ஒரு நொடியின் மில்லியனில் ஒரு பங்குக்குள் தீர்ந்துபோகும். கண் சிமிட்டுவதற்குள் இது லட்சம் முறை நடந்து முடிந்துவிடலாம்.

தூரம் கூடினால் நன்றாகத் தெரியும். சூரியன் இந்த நொடியே அணைந்துவிட்டால், தேக்கா சந்தையில் முருங்கைக்காய் பேரம் பேசிக்கொண்டிருப்பவர் பேரத்தை முடித்து, காசு கொடுத்து, மீதியை வாங்கி, வெளியே வந்து சாலையைக் கடப்பதற்குக்கூட நேரம் இருக்கும். 8 நிமிடம் 20 நொடி கழித்துத்தான் இருட்டும். சூரியனே மறைந்துபோனால் அதன் ஈர்ப்பு இல்லை என்பதும் அதே 8 நிமிடம் 20 நொடி கழித்துத்தான் பூமிக்குத் தெரியும். 2017 ஆகஸ்ட் 17 அன்று சுமார் 130 மில்லியன் ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (எரிந்து முடிந்த பெரிய விண்மீன்களின் அடர்ந்த மிச்சங்கள்) மோதின. அந்த மோதலின் ஈர்ப்பு அலையும் காமா ஒளியும் 1.7 நொடி இடைவெளியில் இங்கே வந்து சேர்ந்தன. அவ்வளவு நீண்ட பயணத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்திருக்கின்றன.

அப்படியானால் இருள் ஒரு பொருள் இல்லையா?

இல்லை. ரயிலில் ஓரத்து இருக்கை காலியாகி, பக்கத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து உட்கார்ந்தால் காலி இடம் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்துவிடும். நகர்ந்தது ஆட்கள்தான். ஆனாலும் காலி இடம் எங்கே இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்ட முடியும், எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்றும் சொல்ல முடியும். இருளும் அந்த மாதிரி.

நிழல் ஒளியை முந்திவிடும் என்று படித்தேன். எதுவும் ஒளியை மிஞ்ச முடியாது என்று ஐன்ஸ்டைன் சொன்னது தப்பா?

படித்தது சரி, ஐன்ஸ்டைன் சொன்னதும் சரி. வீட்டில் ஒரு டார்ச் இருந்தால் செய்து பாருங்கள். டார்ச்சுக்கு முன்னால் 10 செண்டிமீட்டரில் விரலைப் பிடியுங்கள். சுவர் 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். விரலை 1 செண்டிமீட்டர் நகர்த்தினால் சுவரில் நிழல் 30 செண்டிமீட்டர் நகரும். விரலைவிட நிழலுக்கு 30 மடங்கு வேகம். சுவர் தள்ளிப்போகப் போக வேகமும் ஏறிக்கொண்டே போகும்.

இப்போது சுவருக்குப் பதில் நிலாவை வையுங்கள், 384,400 கிலோமீட்டர் தள்ளி. நிலா முழுவதிலும் படும் அளவுக்கு வலுவான விளக்கு உங்களிடம் இருக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். விரலை வெடுக்கென்று அசைத்ததில், 3,474 கிலோமீட்டர் அகலமுள்ள நிலாவை நிழல் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிட்டால் அதன் வேகம் நொடிக்கு 347,400 கிலோமீட்டர். ஒளியைத் தாண்டியாகிவிட்டது.

உயர்நிலை 1 படிக்கிற அந்த அண்ணன் இந்த இடத்தில் என்னை விடவில்லை. "அப்போ நிலாவில் இந்தப் பக்கம் இருக்கிறவர் அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு நிழலில் சேதி அனுப்பலாமே?" நல்ல கேள்வி, ஆனால் முடியாது. நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகவே இல்லை. இரண்டு பக்கமும் தனித்தனியாக உங்கள் விரலிலிருந்துதான் சேதி வந்தது, இரண்டுக்கும் 1.28 நொடி ஆனது. தீவின் நடுவே தோ பாயோவில் இருக்கும் அம்மா, கிழக்குக் கோடியான சாங்கியில் இருக்கும் மகனுக்கும் மேற்குக் கோடியான துவாஸில் இருக்கும் மகளுக்கும் ஒரே சமயத்தில் கடிதம் போடுகிறார். மகனுக்குக் கிடைத்த மறுநிமிடமே மகளுக்கும் கிடைக்கிறது. கடிதம் சாங்கியிலிருந்து துவாஸுக்கு ஒரு நிமிடத்தில் பறந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? ஒளியை மிஞ்சக் கூடாது என்ற விதி பொருளுக்கும் சேதிக்கும்தான். நிழலின் விளிம்பு இரண்டும் இல்லை.

(சோதனைக்கு லேசர் பேனாவை எடுக்க வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வை போகும், வானத்தை நோக்கி அடித்தால் விமானிக்கு ஆபத்து.)

சிங்கப்பூரில் ராத்திரி என்ன வேகத்தில் வருகிறது?

நிலநடுக்கோட்டுக்குச் சற்று மேலே, 1 பாகை சொச்சத்தில் இருக்கிறோம். அங்கே பூமியின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். அதை 24 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர், நொடிக்கு 464 மீட்டர். பகலும் இரவும் சந்திக்கும் கோடு அந்த வேகத்தில் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. சாங்கியில் சூரியன் மறைந்து ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் கழித்து துவாஸில் மறைகிறது. தீவு முழுவதையும் இரவு கடக்க அவ்வளவு நேரம் போதும்.

அதே அஸ்தமனத்தை நிமிர்ந்து பாருங்கள். டக்ஸ்டனில் இருக்கும் பினக்கிள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக்கு 50 மாடி, 156 மீட்டர் உயரம். அடிவானம் மறைப்பில்லாமல் இருக்குமானால், தரையில் நிற்பவருக்குச் சூரியன் மறைந்து சுமார் ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் உச்சியில் நிற்பவருக்கு மறையும். அதாவது இருள் அந்தக் கட்டடத்தில் சராசரியாக நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவாக ஏறுகிறது. கொஞ்சம் வேகமாக நடப்பவரின் வேகம். தரையில் நொடிக்கு 464 மீட்டர், சுவரில் நொடிக்கு 2 மீட்டர்கூட இல்லை. ஒரே இருட்டு, ஒரே சாயங்காலம்! இருளுக்கென்று சொந்த வேகம் இல்லை, அது எந்தப் பரப்பில், எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. துபாயின் புர்ஜ் கலிஃபா கோபுரத்தில் இதுவே நடைமுறைப் பிரச்சினையாகி, 80-ஆவது மாடிக்கு மேல் இருப்பவர்கள் நோன்பு திறக்க 2 நிமிடமும் 150-க்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று 2011-ல் அங்குள்ள மார்க்க அறிஞர் அறிவித்தார்.

ராத்திரியை முந்த முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். முடியும். ஒலியைவிட வேகமான கான்கார்ட் பயணிகள் விமானம் மணிக்கு 2,100 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. 1977-லும் பிறகு 1979, 1980-லும் அது பஹ்ரைன் வழியாக லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பறந்திருக்கிறது. ஒரு பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறம், மறுபக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறம். இங்கிருந்து மேற்கே கிளம்பி வங்கக் கடலுக்கு மேல் முழு வேகம் எடுத்த கான்கார்ட், பின்னால் வரும் இருட்டைவிட வேகமாகப் போகக்கூடியது.

2019 கிரகணத்தில் நிழல் எவ்வளவு வேகமாக வந்தது? அன்றைக்கு ஏன் இருட்டவில்லை?

2019 டிசம்பர் 26, பிற்பகல் 1:23 வாக்கில் சிங்கப்பூரில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. நிலா சூரியனின் நடுவில் உட்கார்ந்து சுற்றிலும் ஒரு வளையத்தை விட்டுவைத்தது, சுமார் 2 நிமிடம். நிலா நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறது. நாமும் பூமியோடு சேர்ந்து நொடிக்கு 464 மீட்டர் கிழக்கே போகிறோம். கழித்துப் பார்த்தால் நிழல் நம்மைத் தாண்டிப் போனது ஏறக்குறைய நொடிக்கு அரை கிலோமீட்டர் வேகத்தில். இதில் எனக்குப் பிடித்த விஷயம் திசை. தினமும் இரவு சாங்கிப் பக்கம் நுழைந்து துவாஸ் பக்கம் வெளியேறுகிறது. அன்றைய நிழல் துவாஸ் பக்கம் நுழைந்து சாங்கிப் பக்கம் வெளியேறியது.

அன்றைக்கு நான் வீட்டிலிருந்து மாவு சலிக்கும் சல்லடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். சல்லடையைப் பிடித்துச் சிமெண்ட் தரையைப் பார்த்தால் ஒவ்வோர் ஓட்டைக்கும் ஒரு குட்டி வளையம்! மரத்தடியிலும் இலைகளுக்கு நடுவே புகுந்து வந்த வெயில் வளையம் வளையமாகக் கிடந்தது. துடைப்பத்தோடு நின்ற பங்ளாதேஷ் தம்பி ஒருவர் தன் உள்ளங்கையை நீட்டி, அதில் விழுந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் இருட்டவில்லை, மேகம் மூடியது போல மந்தமாகத்தான் இருந்தது. சூரியனின் பரப்பில் சுமார் 94 விழுக்காடு மறைந்திருந்தும் இப்படி. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நடுப்பகல் வெயில் 100,000 லக்ஸ் என்றால் அதில் 6 விழுக்காடே 6,000 லக்ஸ். விளக்குப் போட்ட நம் வரவேற்பறையில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். முழு இருட்டு வேண்டுமானால் கடைசிக் கீற்றும் மறைய வேண்டும். ராகுவையும் கேதுவையும் சாயாகிரகம், அதாவது நிழல் கோள் என்று நம் முன்னோர் சொன்னார்கள். கிரகணம் என்பது பூமியின் நிழலும் நிலாவின் நிழலும்தான் என்று ஆர்யபட்டர் கி.பி. 499 வாக்கிலேயே எழுதியும் வைத்திருக்கிறார். சிங்கப்பூரில் அடுத்த கங்கண கிரகணம் 2063-ல். இப்போது கேள்வி கேட்கும் பிள்ளைகள் தங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சல்லடை பிடித்துக் காட்டலாம்.

கான்கார்ட் இங்கேயும் வருகிறது. 1973 ஜூன் 30 அன்று ஆப்பிரிக்காவின் மேல் முழுச் சூரிய கிரகணம். தரையில் அதிகபட்சம் 7 நிமிடம்தான் அது தெரிந்தது. அறிவியலாளர்களை ஏற்றிக்கொண்ட ஒரு கான்கார்ட் நிழலுக்குள்ளேயே பறந்து 74 நிமிடம் அந்த இருட்டில் இருந்தது.

ஒளியின் வேகத்தை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இருட்டைப் பார்த்துத்தான். இதைச் சொல்வதற்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

வியாழனின் நிலாக்களில் ஒன்று அயோ. சுமார் 42 மணி 30 நிமிடத்துக்கு ஒருமுறை அது வியாழனைச் சுற்றி, வியாழனின் நிழலுக்குள் புகுந்து காணாமல் போய், மறுபடி வெளியே வரும். பாரிஸில் வேலை பார்த்த டென்மார்க்காரர் ஓலே ரோமர், இந்த மறைவுகள் கணக்குப்படி வராததைக் கவனித்தார். பூமி வியாழனை விட்டு விலகிப் போகும் மாதங்களில் தாமதமாகின்றன, நெருங்கி வரும் மாதங்களில் சீக்கிரம் வந்துவிடுகின்றன. அயோ ஒழுங்காகத்தான் சுற்றுகிறது, அது மறைந்த சேதி நம்மிடம் வந்து சேரத்தான் நேரமாகிறது என்று அவர் புரிந்துகொண்டார். 1676 நவம்பர் 9 அன்று அயோ நிழலிலிருந்து வெளிவருவது 10 நிமிடம் தாமதமாகத் தெரியும் என்று முன்கூட்டியே சொன்னார். அப்படியே நடந்தது. பூமியின் சுற்றுப்பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்று அவர் கணக்கிட்டார். இன்றைய கணக்கில் 16 நிமிடம் 40 நொடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் ஒளிக்கு வேகம் என்று ஒன்று உண்டு என்பதை முதலில் காட்டியவர் அவர்தான். "இருட்டின் சேதி வர எவ்வளவு நேரமாகும்?" என்ற அந்தச் சிறுமியின் கேள்வியைத்தான் ரோமரும் கையில் எடுத்திருக்கிறார்.

1849-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிஸோ செய்ததும் இதே வகைதான். 720 பல் கொண்ட சக்கரத்தின் இடுக்கு வழியாக ஒளியை 8.6 கிலோமீட்டர் தள்ளி, பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் வைத்த கண்ணாடிக்கு அனுப்பித் திரும்பி வரச் செய்தார். சக்கரத்தை மெல்லச் சுற்றினால் ஒளி தெரிந்தது. நொடிக்கு 12.6 சுற்று ஆனதும் ஒளி மறைந்து இருட்டானது. போய்த் திரும்புவதற்குள் இடுக்கு இருந்த இடத்துக்குப் பல் வந்துவிட்டது. அந்த இருட்டை வைத்து அவர் கணக்கிட்டது நொடிக்குச் சுமார் 313,000 கிலோமீட்டர்.

ஒளி மெதுவாகப் போனால் இருட்டும் மெதுவாகப் போகுமா?

போகும். தண்ணீரில் ஒளிக்கு நொடிக்கு 225,000 கிலோமீட்டர், கண்ணாடி இழையில் சுமார் 200,000. நம் வீட்டுக்கு வரும் ஃபைபர் இணையத்தில் ஒளி பளிச்சென்றால் 1, மங்கினால் 0. அந்த மங்கலும் ஒளியோடு அதே வேகத்தில்தான் ஓடிவருகிறது. கடலடிக் கேபிள்களும் தொடக்கத்தில் இந்த முறையில்தான் இயங்கின, புதியவற்றில் ஒளியலையை வேறு விதமாகவும் மாற்றுகிறார்கள். 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போட்ட கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். ஒரு பக்கம் போக 16 மில்லி நொடி. ஊரில் இருக்கும் பாட்டி வீடியோவில் சிரிப்பது நமக்குத் தெரிய அதில் பாதி வெளிச்சமும் பாதி இருட்டும் சேர்ந்தே கடலைக் கடக்க வேண்டியிருந்தது.

1999-ல் அமெரிக்காவில் லேன ஹவ் என்ற இயற்பியலாளரின் குழு, மிகக் குளிர்ந்த சோடியம் அணுக்களுக்குள் ஒளித்துடிப்பை நொடிக்கு 17 மீட்டருக்குக் குறைத்தது. மணிக்கு 61 கிலோமீட்டர். தீவு விரைவுச்சாலையில் போகும் கார் அதைத் தாண்டிவிடும்.

கருந்துளை, கரும்பொருள் எல்லாம் இருட்டோடு தொடர்புடையவையா?

பெயரில்தான் ஒற்றுமை. கருந்துளையிலிருந்து ஒளி வெளியே வர முடியாது. கரும்பொருள் ஒளியை வெளியிடவும் இல்லை, மறைக்கவும் இல்லை, அதன் ஈர்ப்பை வைத்துத்தான் இருப்பது தெரிகிறது. ஒளி ஊடுருவிப் போகும் ஜன்னல் கண்ணாடி மாதிரி என்று சொல்வதே சரி.

விண்மீன்கள் இவ்வளவு இருந்தும் இரவு வானம் ஏன் கறுப்பு?

ஜெர்மானிய வானியலாளர் ஓல்பர்ஸ் 1823-ல் அலசிய புதிர் இது. அண்டம் எல்லையில்லாமல், என்றென்றும் இருந்திருந்தால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு விண்மீன் தெரிய வேண்டும். ஆனால் அண்டத்தின் வயது சுமார் 13.8 பில்லியன் ஆண்டு. ஒளிக்கு வேகம் உண்டு என்பதால், மிகத் தொலைவில் இருப்பவற்றின் ஒளி இன்னும் இங்கே வந்து சேரவில்லை. வெகுதொலைவிலிருந்து வந்த ஒளியும் அண்டம் விரிவதால் அலை நீண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாகவும் நுண்ணலையாகவும் ஆகிவிட்டது.

விளக்கை அணைத்ததும் ஒன்றுமே தெரிவதில்லை, கொஞ்ச நேரத்தில் அலமாரி தெரிகிறது. இருட்டு குறைகிறதா?

உங்கள் கண் மாறுகிறது. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் வடிவ உயிரணுக்கள் முழுத் திறனுக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகும். இடையில் பளிச்சென்ற கைப்பேசித் திரையைப் பார்த்தால் அந்தத் திறனில் பெரும்பகுதி போய்விடலாம், மறுபடி காத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு வருத்தமும் எனக்கு உண்டு. 2016-ல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தில் சிங்கப்பூர்தான் முதலிடம். நம் இரவு வானம் எவ்வளவு வெளிச்சம் என்றால், இந்தத் தீவில் வாழும் எல்லோருடைய கண்ணும் இரவுப் பார்வைக்கு முழுதாக மாற முடியாத அளவுக்கு வெளிச்சம். நான் கேட்டுப் பார்த்ததில், எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் இருக்கும் 14 பிள்ளைகளில் பால்வீதியைக் கண்ணால் பார்த்தவர்கள் 2 பேர். இருவருமே தஞ்சாவூர்ப் பக்கம் தாத்தா வீட்டு மொட்டை மாடியில் பார்த்தவர்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஓர் இரவாவது பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப்போய், அரை மணி நேரம் கைப்பேசி இல்லாமல் படுக்க வையுங்கள்.

இருள் வருவதைச் சிங்கப்பூரிலேயே கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். எல்லோரும் அஸ்தமனம் பார்க்க மேற்கே திரும்புவார்கள், நீங்கள் கிழக்கே திரும்ப வேண்டும். சாங்கிக் கடற்கரையில் கடலைப் பார்த்து நில்லுங்கள். மேகமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், இங்கே அதற்கு நாலைந்து தடவை முயல வேண்டியிருக்கும். சூரியன் மறைந்த சில நிமிடங்களில், அதாவது 7 மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாக, கிழக்கு அடிவானத்தை ஒட்டிச் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு பட்டை எழும்பும். அதற்கு மேலே இளஞ்சிவப்பாக ஒரு கரை இருக்கும். அந்தச் சாம்பல் பட்டைதான் பூமியின் நிழல். இருள் கவிகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம், அங்கே நின்று பார்த்தால் அது கடலிலிருந்து ஏறிவருவது தெரியும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சிவப்புக் கரை கரைந்துவிடும், நிழல் தலைக்கு மேல் போய்விடும். அந்தச் சிறுமியும் அவள் அண்ணனும் ஜூன் விடுமுறையில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குத் துவாஸில் இருக்கும் அவர்கள் சித்தப்பா சூரியன் மறையும் நொடியைப் போனில் சொல்வார். எங்கள் பக்கம் மறைந்த நொடியிலிருந்து அவள் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும்.